முகம் போட்ட பனியன்

ஒரு காலத்தில் எங்கள் நொய்யல் ஆற்றில் சாயப்பட்டறைகளின் புண்ணியத்தில் நாளுக்கு ஒரு நிறத்தில் தண்ணீர் ஓடியது. ஊதாவாக ஓடினால் அமெரிக்காக்காரன் ஊதா பனியன் கேட்டிருக்கிறான் என்று அர்த்தம். என் சித்தப்பாவின் எருமை அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ரோஸ் நிறத்தில் ஒரு கன்று ஈன்றது. அதைப் பார்க்க ஈரோட்டிலிருந்து ஸ்பெஷல் பஸ் விட்டார்கள். நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. போகட்டும். இப்போது சொல்லப்போவதையும் நம்பச் சொல்லவில்லை. ஆனால் இதில் எருமை வராது.

திருப்பூர் காதர்பேட்டையில் எனக்கு ஒரு கடை. செங்கோடன் பிரிண்டிங்ஸ். பனியனில் படம் அடிப்போம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் அடிப்போம். இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்த முகம் வந்தாலும் முதலில் கலர் தூக்கிவிட வேண்டும். கருப்பாக வருகிறவரை மாநிறமாக்க வேண்டும். மாநிறமாக வருகிறவரைச் சிவப்பாக்க வேண்டும். சிவப்பாகவே வருகிறவரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. அவர் சுவரோடு சுவராகப் போய்விடுவார். இதையெல்லாம் வாடிக்கையாளர் கேட்டுச் செய்வதில்லை. கேட்காமல் செய்வதுதான் மரியாதை. செத்தவர் பெஞ்சில் ஒரு நிறத்தில் படுத்திருப்பார், அவர் தலைமாட்டில் கட்டிய ஃப்ளெக்ஸில் வேறு நிறத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். வந்த சனம் ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் அழும்.

சொம்டோ எனக்குப் பழக்கமானது இந்தச் சட்டத்தால்தான்.

சொம்டோ நைஜீரியாக்காரன். ஒனிட்சா என்று ஆற்றங்கரையில் பெரிய சந்தை ஊர். மீசை முளைக்கிற வயதில் மாமாவோடு பனியன் வாங்க வந்தான். மாமா திரும்பிப் போனார், இவன் போகவில்லை. தமிழைப் பனியன் கம்பெனிகளில் கற்றான். அதனால் அவனுக்குக் கெட்ட வார்த்தை முதலிலும் மரியாதை பின்னாலும் வந்து சேர்ந்தன. அவர்கள் ஊரிலும் ஆள் இறந்தால் நம்மைப் போலப் போஸ்டர் ஒட்டுவார்களாம். அதோடு விடுவதில்லை. செத்தவர் முகத்தைப் பனியனில் அடித்து, சொந்தபந்தம் அத்தனையும் போட்டுக்கொண்டு ஆடிப்பாடிப் புதைத்துவிட்டு வருவார்களாம். அந்தப் பனியனை இங்கே அடித்து அங்கே அனுப்புவதுதான் அவன் வியாபாரம்.

முதல் ஆர்டருக்கு ஒரு மீன் வியாபாரியின் படம் கொடுத்தான். அடித்து வைத்தோம். வந்து ஒன்றை விரித்துப் பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, இது யாருங்க?"

"நீ குடுத்த ஆளுதான் கண்ணு."

"நான் குடுத்த ஆளு கருப்புங்க."

"கொஞ்சம் கலர் தூக்கி விட்டிருக்கறோம். அதுக்குத் தனியா காசு வேண்டாம்."

அவன் பனியனை மடித்து மேசைமேல் வைத்தான். "இவரப் பெத்த அம்மா இன்னும் உசுரோட இருக்குதுங்க. ஊரே இதப் போட்டுட்டுப் போய் நின்னா, ஏஞ்சாமி, யாரு செத்துட்டாங்கன்னு கேக்கும்."

திரும்ப அடித்தோம். நடுவில் கருப்பு மை தீர்ந்து, ஆளனுப்பி வாங்கி வரவேண்டியதாகிவிட்டது. என் கடையில் அதுவரை கருப்பு மை எழுத்துக்கு மட்டும்தான் செலவாகியிருந்தது.

சொம்டோவோடு கூடவே வருவான் குழந்தைவேல். ஒரு பனியன் கம்பெனியில் சாம்பிள் மாஸ்டர். வெளிநாட்டுக்காரன் படத்தில் காட்டும் சட்டையைக் கண்ணால் அளந்தே வெட்டிவிடுவான். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எனக்கு விஷயம் புரிய அதிக நாள் ஆகவில்லை. புரிந்ததைக் காட்டிக்கொள்ளத்தான் நாளாயிற்று. ஒருநாள் சாயங்காலம் கடை வாசலில் தள்ளுவண்டிக் காளான் தட்டோடு நிற்கும்போது வேலுவே சொல்லிவிட்டான்.

"அண்ணா, நாங்க சும்மா ரூம்மேட் இல்லீங்."

"தெரியும் சாமி."

"எப்படித் தெரியும்?"

"ரூம்மேட்டா இருந்தா ஒருத்தன் தட்டுல இன்னொருத்தன் கை வெச்சா சண்டை வரும்."

சொம்டோ சிரித்தான். அவன் சிரித்தால் கடை ஷட்டர் அதிரும். அதிர்ந்து ஒருமுறை பாதி இறங்கியே விட்டது. இதையும் யாரும் நம்புவதில்லை.

அன்று முதல் எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. எதைப் பேசினாலும் கடைசியில் நிறத்தில் வந்து நிற்கும்.

"நானுந்தான் கருப்புங்ண்ணா," என்பான் வேலு. "இவன் என்னமோ கருப்புக்கே மொத்த வியாபாரி மாதிரி பேசறான்."

"டேய், நீ கருப்பா இருந்தா உங்கம்மா உனக்குச் சிவப்பாப் பொண்ணு தேடும். நான் கருப்பா இருந்தா வீட்டுக்காரரு தண்ணி மோட்டார நிறுத்துவாரு. ரெண்டும் ஒண்ணா?"

"அப்படிச் சொல்லாத கண்ணு," என்று நான் ஊர் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். "எங்க கருப்பராயன் சாமி இல்லியா? பேரே கருப்பு. அவருக்கில்லாத மரியாதையா?"

"பாத்தனுங்க. அருவாளோட நிக்கறாரு. ஊருக்கு வெளிய."

நான் காளானைச் சாப்பிட்டேன்.

"ஒனிட்சாவுல நான் கருப்பன் இல்லீங்ண்ணா," என்றான் சொம்டோ. "அங்க நான் குண்டன். கோயமுத்தூர் ஏர்போர்ட்ட உட்டு வெளிய வந்தப்பத்தான் கருப்பன் ஆனேன். ஒரு குழந்தை என்னப் பாத்து அழுதுச்சு. யாரப் பாத்து அழுகுதுன்னு நானும் பின்னாடி திரும்பிப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் கண்ணு திரும்பிப் போகலே?"

"அங்க நான் என்ன நிறம்னு யாரும் பாக்க மாட்டாங்க. யாரப் பாக்கறேன்னு பாப்பாங்க. பாத்தா ஜெயிலு. இங்க யாரப் பாக்கறேன்னு ஒருத்தரும் கவனிக்கறதில்ல, நிறத்தப் பாக்கவே அவங்களுக்கு நேரம் பத்தல." தட்டை வழித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணா, எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. நான் செத்தா என்ற மூஞ்சிய இருக்கற மாதிரியே அடிச்சுக் குடுங்க. கலர் தூக்காதீங்க."

"உனக்கு முன்னாடி நான் போயிருவேன்."

"அப்ப உங்களதயும் தூக்காம அடிச்சுத் தர்றேன். நல்லா இருக்காது. பரவால்ல."

அதற்குப் பிறகுதான் ஊரெங்கும் சண்டை வந்தது. சாதிச் சண்டை, சாமிச் சண்டை, வெளியூர்க்காரன் சண்டை. கம்பெனிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அரசாங்கம் யோசித்தது. மிக்சி கொடுத்தாயிற்று, கிரைண்டர் கொடுத்தாயிற்று, ஃபேன் கொடுத்தாயிற்று. இனிக் கொடுக்க அமைதி ஒன்றுதான் பாக்கி. ரேஷன் கார்டில் பேர் உள்ள ஆளுக்கொன்று, கார்டில்லாத சொம்டோ மாதிரி ஆட்களுக்கு விசாவோடு ஒன்று என்று 'இசைவி' கொடுத்தார்கள். கண்ணுக்குள் வைக்க ஒரு மெல்லிய வில்லை, காதுக்குள் வைக்க மிளகு அளவில் ஒரு மணி.

"இது என்னடா பண்ணும்?" என்று வேலுவிடம் கேட்டேன். அவன் கம்பெனியில் வகுப்பே நடத்தியிருந்தார்கள்.

"எதிர்ல வர்றவங்க உங்களுக்கு உறுத்தாத மாதிரி தெரிவாங்க. உங்க மனசுக்கு எங்க முள்ளு குத்துதோ, அங்க மட்டும் மழுக்கிரும். பேச்சும் அப்படித்தான். யாரு என்ன பாஷை பேசுனாலும் உங்க பக்கத்துப் பேச்சாக் காதுல விழுகும்."

"எல்லாருக்கும் ஒரே மாதிரியா?"

"ஆளுக்கு ஆளு வேறங்க. உங்களுக்குத் தெரியறது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியாது."

பக்திமான்களுக்கு ஊரில் எல்லோர் நெற்றியிலும் திருநீறு தெரிந்தது. சாதி பார்க்கிறவர்களுக்கு ஊர் முழுக்க அவரவர் சாதியே நடமாடியது. என் வீட்டுக்காரி அதைப் போட்ட நாளிலிருந்து என்னை 'வாங்க, போங்க' என்றாள். யாரைப் பார்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

சண்டை நின்றது. அதைச் சொல்லத்தான் வேண்டும். சொம்டோவின் வீட்டுக்காரர் தண்ணி மோட்டாரை அவரே வந்து போட்டுவிட்டுப் போனார். அவர் கண்ணுக்கு மாடியில் குடியிருந்தது ஒரு தமிழ்ப் புருஷனும் பெண்டாட்டியும். பெண்டாட்டி யார் என்பதில்தான் தெருவில் ஒற்றுமை இல்லை. வீட்டுக்கார அம்மாளுக்குச் சொம்டோதான் மருமகள் மாதிரி; வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமமும் வெற்றிலைபாக்கும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுப்பார். அவன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து வாங்கிக்கொள்வான். சேர்ந்த ரவிக்கைத் துணியையெல்லாம் ஒனிட்சாவுக்கு அனுப்பினான். அங்கே அதில் தொப்பி தைத்துப் போட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும். உள்ளே நுழைகிறவர் செருப்பைக் கழற்றுவது போல் இசைவியைக் கழற்றிச் சொம்பில் போட்டுவிட வேண்டும். நான் போனாலும் அப்படித்தான். கழற்றிவிட்டு நிமிர்ந்தால் எதிரில் சொம்டோ இருப்பான். அகல முகம், முன்பல் சந்து, அடுப்புக்கரி போலப் பளபளக்கும் நெற்றி. வெளியில் பார்த்த ஆளையே உள்ளே புதிதாகப் பார்த்து, 'வாப்பா, எப்ப வந்தே' என்று நான் கேட்டதுண்டு.

அடுத்த தேர்தலுக்கு முன் இசைவியைச் சொட்டு மருந்தாக்கினார்கள். போலியோ சொட்டு போல முகாம் போட்டு, கண்ணில் ரெண்டு, காதில் ரெண்டு. போடாவிட்டால் ரேஷன் கிடையாது, விசா கிடையாது. இனிக் கழற்ற வேண்டாம், தொலையாது, உடையாது. கழற்றவும் முடியாது. பழைய போனைக் கொடுத்தால் புதுப் போன் என்றார்கள். புதுப் போனுக்குள்ளும் இசைவி இருந்தது. எடுக்கும் படத்தை மழுக்கியே எடுத்தது. பழைய படங்களையும் ஏற்றும்போதே மழுக்கிவிட்டது. பாஸ்போர்ட்டுப் படத்தைக்கூட அப்படித்தான் எடுத்தார்கள்.

முகாமுக்குப் போய்விட்டு இருவரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். சொம்டோ வேலுவின் முன்னால் போய் நின்றான்.

"நான் இப்ப எப்படித் தெரியறேன்?"

"எப்பவும் போலத்தான்."

"பொய் சொல்லாத."

"உன்ற மேல எனக்கு என்னடா உறுத்தல்? இருந்தாத்தான மழுக்கும்?"

சொம்டோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னான்: "போதுமுங்ண்ணா. ஊருக்குள்ள ஒரு ஆளுக்காவது நான் நானா இருக்கறேன்."

"உனக்கு நாங்க எப்படித் தெரியறோம்?"

"எல்லாரும் ஒனிட்சாக்காரங்க மாதிரி. நீங்க எங்க பெரியப்பா மாதிரி குண்டா, தொப்பியோட. காதர்பேட்டையே எங்க ஊராயிருச்சுங்க." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான். "ஆனா ஒருத்தருக்கும் என்னைய அடையாளம் தெரியல."

"கண்ணாடியில பாத்தா?"

"மூஞ்சி கழுவறதோட சரிங்க. பாக்கறதில்ல."

அப்படியே சில வருஷங்கள் ஓடின. ஓடின என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷங்களில் எங்கள் பேச்சு குறைந்துவிட்டது. நிறத்தைப் பற்றிப் பேச நிறம் எதிரில் இருக்க வேண்டும் போலிருக்கிறது. காளான் தின்றோம், விலைவாசியைப் பேசினோம்.

ஐப்பசி மழையின்போது சொம்டோவுக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு என்றான். வேலு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் நல்ல மனுஷர். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, களைப்புதான், ஓய்வெடுங்க என்று அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனார்கள். மறுபடி டார்ச், மறுபடி ஓய்வு. மூன்றாவது தடவை ஆம்புலன்ஸில் போனார்கள். ரத்தத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் கல்லீரல் எப்போதோ கைவிட்டுவிட்டது தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ரவிக்கைத் துணி வாங்க அவன் இல்லை.

வேலுவை யாரும் எதுவும் கேட்கவில்லை. 'உங்க வீட்டுக்காரம்மா போயிட்டாங்க' என்று நர்ஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். 'புருஷன்' என்று போடும் எந்தக் கையெழுத்துக்காக அவன் காலமெல்லாம் அலைந்திருப்பானோ, அந்தக் கையெழுத்தை நாற்காலி போட்டு உட்காரவைத்து வாங்கினார்கள். வீட்டுக்கார அம்மாள் 'மகாலட்சுமி மாதிரி இருந்தியே' என்று மாரில் அடித்துக்கொண்டார். தெருவே வந்து அழுதது. வேலுவின் அம்மாகூட வந்தார். சொம்டோவை வீட்டோடு வைத்துக்கொண்ட நாளிலிருந்து மகனிடம் பேசாதவர். அவரும் சொட்டு போட்டவர்தானே. வந்து சொம்டோவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தக் கன்னத்தைத் தடவி, 'என்ற மருமகளே, உன்னப் பாக்காமயே இருந்துட்டனே' என்று ஒப்பாரி வைத்தார்.

வேலு சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். என் காதில் சொன்னான்: "பாருங்ண்ணா. எத்தன பேரு. ஒருத்தரும் அவனுக்காக அழுகல."

"நீ அழு சாமி."

"நான் அழுவேன். எனக்குத்தான் அவன் மூஞ்சி தெரியும்."

சொம்டோவுக்கு ஒரு அக்கா. இங்கோசி என்று பேர். ஒனிட்சாவில் நர்ஸ். போனில் பேசினார். உடம்பைக் கொண்டுபோக வருகிறேன், முகம் போட்ட பனியன் தயாராக இருக்கட்டும் என்றார். அவரிடம் இருந்தது தம்பியின் பள்ளிக்கூடப் படம் ஒன்றுதான். 'பள்ளிக்கூடப் பையனையா புதைக்கப்போறோம்? இப்ப இருந்த ஆளைப் போடுங்க. கண்ணு திறந்திருக்கணும். கண்ணு மூடின படத்தப் போட்டா எங்க பக்கம் ஆகாது.'

படம் இல்லை. சொம்டோ கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதற்கு எங்களிடம் படம் இல்லை. நான் கண்ணை மூடி அவன் பழைய முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஊரில் தினமும் பார்த்த புது முகம் வந்து முன்னால் நின்றுகொண்டது.

"நான் சொல்றேன், நீங்க போடுங்க," என்றான் வேலு.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு முகத்தைக் கட்டினோம். சாம்பிள் மாஸ்டர் அல்லவா, கண்ணால் அளந்தே சொன்னான். கன்னம் கால் இஞ்சு உள்ளே. மூக்கு அகலம். இன்னும் அகலம். பல்லுச் சந்தை மறந்துவிடாதீர்கள். காதுமடலுக்கு அடியில் ஒரு மச்சம். அது சட்டைக் காலரைச் சரிசெய்துவிடும்போது மட்டும் கண்ணில் படும், அதனால் வேலுவுக்கு மட்டும் தெரியும். நிறத்துக்கு வந்தபோது, "இன்னும் கருப்புங்ண்ணா," என்றான். போட்டேன். "இன்னும்." போட்டேன். "இன்னும் கொஞ்சம். நெத்தியில மட்டும் வெளிச்சம்." போட்டேன்.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். வாயில் கைவைத்துக்கொண்டான்.

"இதுதான். வந்துட்டான்."

எனக்கும் அது சொம்டோவாகத்தான் தெரிந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பார்த்து அச்சு அசல் என்றார்கள். யாருக்கு அச்சு, எதற்கு அசல் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மெஷினை ஓடவிட்டோம். கடை நிறையச் சொம்டோ தொங்கினான்.

இங்கோசி மூன்று நாள் விசாவில் வந்தார். மூன்று நாள்காரர்களுக்குச் சொட்டு கிடையாது. முதலில் மார்ச்சுவரிக்குப் போய்விட்டு வேலுவோடு கடைக்கு வந்தார். என் கண்ணுக்கு அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கவுண்டச்சி மாதிரி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தார். இங்கிலீஷில்தான் பேசியிருப்பார்; என் காதில் அதுவும் பொள்ளாச்சித் தமிழாக விழுந்தது. நான் பேசியதை வேலு அவருக்கு இங்கிலீஷில் சொன்னானாம்.

ஒரு பனியனை விரித்துக் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா அடிச்சிருக்கீங்க," என்றார். "இது யாரு?"

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க தம்பிங்க," என்றேன்.

அவர் பனியனைப் பார்த்தார். வேலுவைப் பார்த்தார். பனியனைத் தூக்கி வேலுவின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"இது இவரு," என்றார். "கொஞ்சம் கலரா இருக்காரு. பல்லுல சந்து வெச்சிருக்கீங்க. மத்தபடி இவரேதான்."

நான் எழுந்து உள்ளே போய்க் கருப்பு மை கேனைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணுக்கு அது காலியாகத்தான் தெரிந்தது. ஆனால் கனத்தது. கைக்கு யாரும் சொட்டு போடவில்லை. இன்னும் இன்னும் என்று போட்ட கருப்பு முகத்துக்குப் போகவே இல்லை; எழுத்துக்கு மட்டும்தான் செலவாகியிருந்தது.

திரும்பி வந்தபோது இங்கோசி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வேலு அவர் முன்னால் நின்றிருந்தான், வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி.

"மார்ச்சுவரியில அவன் கண்ணிமையத் தூக்கிப் பாத்தேன்," என்றார் அவர். "மஞ்சள். நல்ல மஞ்சள். அது ஒரு நாள்ல வர்றதில்ல. வாரக்கணக்கா அப்படித்தான் இருந்திருக்கும். கூட இருந்தது யாரு?"

"நான்."

"தினமும் அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்ண?"

"பாத்தேன். வெள்ளையா இருந்துச்சுங்க."

"சீக்கிரமாப் பாத்திருந்தா வைத்தியம் இருந்துச்சு," என்றார். திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

வேலு ஒரு பனியனை எடுத்துப் பிரித்தான், மடித்தான், மறுபடி பிரித்தான். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னான்: "அப்ப எனக்கும் இருந்திருக்கு."

"என்ன?" என்றார் இங்கோசி.

"உறுத்தல். எனக்கு இல்லேன்னு அவங்கிட்டச் சொன்னேன். அவன் நம்புனான். அத நம்பித்தான் இருந்தான்."

இங்கோசி அவன் கையிலிருந்த பனியனை வாங்கி மடித்தார். "எனக்கும் இருந்துச்சு," என்றார். "போன்ல வாரா வாரம் என்ற சாம்பிள் மாஸ்டர் அப்படி, என்ற சாம்பிள் மாஸ்டர் இப்படின்னு உன்னப் பத்தியே பேசுவான். எனக்குக் கேக்கவே பிடிக்காது. லைன் சரியில்லைன்னு வெச்சுருவேன். ஒரு தடவ வந்து பாத்திருக்கலாம். எங்கண்ணுல சொட்டு இல்ல. நான் வந்திருந்தா மஞ்சள் தெரிஞ்சிருக்கும்."

பார்க்க முடியாதவன் பக்கத்திலேயே இருந்தான். பார்க்க முடிந்தவர் வரவில்லை. நடுவில் ஒருத்தன் மஞ்சளாகிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பள்ளிக்கூடப் படத்தையே போட்டுரலாமுங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். சுத்தியும் பூவு, பேரு, வருஷம் எல்லாம் போடுங்க. நடுவுல மூஞ்சி போடற இடத்தச் சும்மா விட்டுருங்க."

"ஒண்ணுமே இல்லாமயா?"

"கடைசி வருஷங்கள்ல அவன் மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல. என்னத்தப் பாத்தீங்களோ, அதையே அடிச்சுக் குடுங்க."

அடித்துக் கொடுத்தோம். இந்தத் தடவை கருப்பு மை பெயருக்கு மட்டும்தான் வேண்டியிருந்தது, கணக்குச் சரியாக இருந்தது. உடம்போடு பனியன் கட்டுகளும் விமானத்தில் போயின. ஒனிட்சாவில் ஊரே காலி முகம் போட்ட பனியனோடு ஆடிப்பாடிப் புதைத்ததாம். சொம்டோவின் அம்மா யாருடைய பனியனையும் பார்த்து அழவில்லையாம், குழியைப் பார்த்து அழுதாராம்.

ஒரு பனியன் மட்டும் இங்கே தங்கிவிட்டது. கடைச் சுவரில் ஹேங்கரில் மாட்டியிருக்கிறேன். இசைவிக்குக் காலியிடம் பிடிக்காது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சுற்றிப் பூவும் கீழே பெயரும் இருந்தால் நடுவில் முகம் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு உறுத்தும் அல்லவா. கல்யாண ஃப்ளெக்ஸுக்கு வருகிறவர்கள் 'யாருங்க இது, மாப்பிள்ளை களையா இருக்காரே' என்கிறார்கள். சொம்டோவின் வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டு 'பொட்டு வெச்சு எடுத்திருக்கலாம்' என்றார். ஒருவர் இறந்துபோன தன் தம்பி என்றே நினைத்து ஒரு டஜன் கேட்டார். எனக்கும் ஒரு முகம் தெரிகிறது. அகலமாக, சிரித்துக்கொண்டு. கிட்டப் போய் விரலால் தடவினால் மை தட்டுப்படாது. வெறும் துணி.

வேலு இப்போதும் சாயங்காலம் வருகிறான். காளான் வாங்கினால் தொடுவதில்லை. அந்தப் பனியனுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். நான் ஏதாவது கதை அளப்பேன். எருமைக் கன்று, பாதி இறங்கிய ஷட்டர். ஷட்டர் கதைக்கு முன்பெல்லாம் சிரிப்பான்.

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து பனியனுக்குப் பக்கத்தில் போனான். குனிந்து பார்த்தான்.

"ஏனுங்ண்ணா, இங்க வாங்க. கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்குது பாருங்க."

போய்ப் பார்த்தேன். எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"ஆமா சாமி," என்றேன். "மஞ்சளாத்தான் இருக்குது."

"நான் சொல்லல? எனக்கு உடனே தெரிஞ்சுருச்சு." அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிர்றேனுங்க."

"நேரத்துலயே போயிருங்க," என்றேன். "கூட்டமா இருக்கும்."